சிக்னல் கிடைத்தால் போச்சு

குடை நிழலில் மேசை போட்டு எதையாவது விற்றவர்களுக்கு ஒன்று தெரியும்: பொருள் ஓடுகிற வரைக்கும் நாம் கம்பெனியின் ஆள், பொருள் நின்ற மறுநாளிலிருந்து நாமே கம்பெனி. சிம் கார்டு விற்றவர்கள், காப்பீடு பிடித்தவர்கள், தண்ணீர் வடிகட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியவர்கள் எல்லோரும் எனக்குப் பங்காளிகள்தான். உங்களிடம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் விற்றது படம். 'படக்கூடை' என்று ஒரு ஆப். ஃபோனிலேயே சினிமா, தொடர் எல்லாம் பார்க்கலாம். கழுத்தில் 'கள அலுவலர்' என்று அட்டை. நான் இயல்பிலேயே பயந்தவன், வாசலில் நாய் இருக்கிற வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கக்கூடப் போகமாட்டேன். அப்படிப்பட்டவனை ஒரு கம்பெனி தன் முகமாக வைத்திருந்தது, பிறகு ஒருநாள் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிட்டது.

யாரும் அமுக்க மாட்டார்கள்

என் எல்லை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, வெள்ளிமலையில் முடியும். மலையில் பாதி ஊருக்கு சிக்னல் கிடையாது. அதனால் சந்தை நாளில் வெள்ளிமலையில் என் மேசை இருக்கும். சாமையும் கடுக்காயும் கொண்டுவந்து போட்டவர்கள் என்னிடம் வந்து, வாரம் முழுக்கப் பார்க்கத் தேவையான படங்களை இறக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். இணையம் என்னுடையது. என் ஃபோனில் காலையில் ஹாட்ஸ்பாட் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பேன், பல நாள் அதையும் மறந்துவிடுவேன். ஒருமுறை என் வைஃபையோடு சேர்த்துவிட்ட ஃபோன், அடுத்த முறை என் பக்கத்தில் வந்ததும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

மலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆப் எதையாவது கேட்டு, 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான் காட்டினால், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கூடத் தொடமாட்டார். ஃபோனை என்னிடம் நீட்டிவிடுவார். எப்போதோ யாரோ எதையோ அமுக்கப் போய், இறக்கிவைத்த படமெல்லாம் அழிந்துபோனதாம். அந்தச் செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. கூட்டமான நாளில் பத்து கைகள் பத்து ஃபோனை மூக்குக்கு முன்னால் நீட்டினால் எனக்கு எரிச்சலாக வரும். 'சரி'யை அமுக்குவதற்குக்கூட ஒரு ஆளா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே அமுக்குவேன். தேன் விற்க வரும் பெரியவர் ஒருவர் மட்டும் என் மனம் குளிரும்படி எதையாவது சொல்லிவிட்டுப் போவார்.

"தம்பி, உன் வைஃபை எங்க வூட்டு நாய் மாதிரிப்பா. என்னப் பாத்ததும் ஓடியாந்து ஒட்டிக்கினு வுட மாட்டேங்குது."

வெள்ளையனுக்கு ஒரு காட்சி

படக்கூடைக்காரர்கள் கல்வராயன் மலையிலேயே ஒரு தொடர் எடுத்தார்கள். அதற்கு வாடகைக்குப் பிடித்த ஜீப்பின் டிரைவர் வெள்ளையன். வெள்ளிமலைக்கு அப்பால், சிக்னல் இல்லாத ஒரு சின்ன ஊர்க்காரர். கதையில் ஜீப் டிரைவராக நடிக்க வேண்டியவர் மலை வளைவில் வாந்தி எடுத்துப் படுத்துவிட, இயக்குநர் வெள்ளையனையே உட்காரவைத்து எடுத்துவிட்டார். கதாநாயகி கையில் பெட்டியோடு நிற்பாள். வெள்ளையன் ஜீப்பை நிறுத்தி, "ஏறும்மா, எடம் இருக்குது. கம்பிய நல்லாப் புடிச்சுக்கினு உக்காரு. கொஞ்ச தூரந்தான்" என்பார். அவ்வளவுதான் அவர் வேஷம். தொடர் வெளிவந்த அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார்.

அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா சந்தைக்கு வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் வருவார். அவரிடம் வெள்ளையனின் வேறு படம் கிடையாது. ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது, அதில் மனுஷன் யாரையோ பார்த்து மிரண்டது மாதிரி இருப்பார். அதனால் ஃபோனை என்னிடம் நீட்டி, "இருக்காரா, பாத்துச் சொல்லு" என்பார். இறக்கிவைத்த படம் நம் ஃபோனில் இருந்தாலும் பூட்டோடுதான் இருக்கும், சாவி கம்பெனியிடம். இணையம் கிடைக்கிறபோது ஆப் போய் அனுமதி புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும். அதை அவருக்கு நான் விளக்கவில்லை. புதுப்பித்துவிட்டு, இருக்காருக்கா என்பேன். புதுப்படம் ஏதாவது இறக்கித் தரட்டுமா என்று கேட்டால் பதறிவிடுவார்.

"வேற எதையும் இறக்காத தம்பி. எடம் பத்தாம அவரு வெளிய போய்டப் போறாரு."

நம்ம வாய்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. மாத முடிவோடு படக்கூடை சேவை நிறுத்தப்படுகிறது, இதுவரை உழைத்த அனைவருக்கும் நன்றி. கீழே இரண்டு கைகள் கும்பிடும் படம். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலாளருக்கு ஃபோன் போட்டேன். வாடிக்கையாளர்கள் எல்லோர் ஃபோனிலும் ஆப்பைக் கடைசியாக ஒருமுறை புதுப்பித்துக் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் நன்றி அறிவிப்பு வரும் என்றார். இறக்கிவைத்த படமெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். புதுப்பித்தால் அதுவாகவே சுத்தமாகிவிடும், யாரும் வேறு வழியில் பதிவு எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அது குற்றம் என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிற குரல்.

சுத்தமாகிவிடும் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வேலை போன பயம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் கண்ணுக்கு முன் வந்து நின்றது சின்னப்பொண்ணு அக்கா நீட்டும் ஃபோன். அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லவும் வழியில்லை, அந்த ஊரில் சிக்னல் இல்லை. ஆனால் சிக்னல் இல்லாத வரைக்கும்தான் வெள்ளையன் பத்திரம். மனம் இப்படி முன்னும் பின்னும் அலைந்தபோது தேவி கூப்பிட்டாள். சின்னசேலம் பக்கம் எல்லாம் அவள் பொறுப்பு, நைனார்பாளையத்துக்காரி, என்னைவிட வாய்த்துடுக்கு, என்னைவிட நெஞ்சுத் துணிவு. அன்றைக்கு அவளே பயந்திருந்தாள்.

"கடைய மூடிட்டேன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு வாய் இல்ல பாஸ்கரு. நம்ம வாயத்தான் ஊரூரா அனுப்புறாங்க. ஒதைய வாங்கப்போறதும் அதே வாய்தான்."

கரும்புக் கத்தி

உதை பற்றி தேவி சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது. மறுநாள் கச்சிராயபாளையத்தில் மேசையை விரித்தேன். குடையை விரிக்கவில்லை, தூரத்திலிருந்து தெரியக் கூடாது என்று. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கரும்பு வெட்டுகிற ஒருவர் என்னை நோக்கி நேராக வந்தார். வயலிலிருந்து அப்படியே வருகிறார். மேலெல்லாம் கரும்பின் சோகை இலை கீறிய கோடுகள், தலையில் துண்டு, கையில் கரும்புக் கத்தி. அவர் ஃபோனில் ஆப்பைப் போட்டுக்கொடுத்தது நான்தான். போன வாரம்தான் ஒரு வருஷத்துக்கு என்று சேர்த்துவிட்டிருந்தேன்.

நான் எழுந்து ஓடுவதற்குள் வந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். கத்தியை மேசைமேல் வைத்தார், என் விளம்பரத் தாள்களின் மேலேயே. "கம்பெனி மூடிட்டாங்களாமே" என்றார். ஆமாங்க, நான் வெறும் சம்பளத்துக்கு இருந்தவன்ங்க, எனக்கும் நேத்துதாங்க தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது கண் கத்தியிலேயே இருந்தது. அவரும் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அந்த மனிதருக்குக் கூச்சமாகிவிட்டது, கத்தியை எடுத்து இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் ராத்திரி சாப்பாட்டோடு பார்த்துவந்த தொடர் ஒன்று, கிணற்றில் விழுந்த பெண்ணோடு அந்தரத்தில் நின்றுவிட்டதாம். எனக்கு முடிவு தெரியாது. அதை எடுத்தவர்களே முடிக்காமல் போய்விட்டார்கள். ஆனால் எதிரே நின்றவரின் முகத்தில் இருந்தது கோபமில்லை, என் முகத்தில் இருந்த அதே பயம்தான். பொழைச்சுக்கிச்சுங்க, மேல தூக்கிட்டாங்க என்று சொன்னேன். அவர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

"அப்பாடா. எங்க வூட்ல அது ரெண்டு நாளா சரியா சோறு துன்னல தம்பி. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

நைனார்பாளையத்தில் மூடாத கடை

இது தேவிக்கு நடந்தது, அவள் சொல்லி நான் கேட்டது. நைனார்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் கடை முகப்பில் டிவி மாட்டியிருந்தார். சாமான் கட்டுகிற வரைக்கும் ஆட்கள் நின்று பார்க்கட்டும் என்று நாள் முழுக்கப் படக்கூடையை ஓடவிடுவார். அவருடைய டிவிதான் வட்டாரத்திலேயே முதலில் புதுப்பித்துக்கொண்டது. அன்று முதல் அதில் பெரிய எழுத்தில் ஒன்றுதான் தெரிந்தது: 'எங்கள் சேவை முடிவுக்கு வருகிறது. இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி.' எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதேதான்.

வருகிறவர்கள் எல்லாம் அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எங்கே போகப்போறீங்க, வீட்டில் எல்லாம் சுகம்தானே என்று விசாரித்திருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் வந்து தோளில் கைபோட்டு, எதுவானாலும் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கண் கலங்கியிருக்கிறார். மாலைக்குள் கடைக்காரருக்கே கிலி பிடித்துவிட்டது, நமக்குத் தெரியாமல் ஏதாவது நடக்கிறதோ என்று. கல்லாவை விட்டு எழுந்து தேவி வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"டிவிய அணைச்சா கடைய மூடிட்டேன்றாங்க, போட்டா மூடப்போறேன்றாங்க. நான் இன்னாதாம்மா பண்றது, கடைக்கு முன்னாடி நின்னுக்கினு நான் உசுரோடதான் இருக்கேன்னு கத்தணுமா?"

வராத ஃபோன்

சந்தை நாளில் வெள்ளிமலைக்குப் போனேன். மேலாளர் சொன்ன வேலைக்குப் போகவில்லை, சின்னப்பொண்ணு அக்காவைப் பிடிக்கப் போனேன். நீட்டிய ஃபோனையெல்லாம், இன்றைக்கு ஒன்றும் அமுக்க வேண்டாம், வீட்டில் போய் மிச்சப் படத்தைப் பார்த்து முடியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு முகத்தைத்தான் கூட்டத்தில் தேடினேன். அவர் வரவில்லை. சேறு வழுக்கிக் கால் பிசகிப் படுத்திருக்கிறார் என்று அவர் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள்.

அப்போதுதான் தேவி ஃபோனில் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஃபோனில் ஓடுவதை அந்த ஃபோனிலேயே பதிவு எடுத்தால் வெறும் கறுப்புத்தான் வரும், கம்பெனி அப்படிச் செய்துவைத்திருக்கிறது, வழியே இல்லை என்று புலம்பினேன். நான் அழுகிறேனா என்று முதலில் கவனித்தாளாம், பிறகு சொன்னாள்.

"ஏம்பா, கல்யாணத்துக்கு வர்ற வீடியோக்காரரு இன்னா பண்றாரு? எதிர நின்னு எடுக்கிறாரு. அவங்க ஃபோன்ல ஓடவுட்டு நீ உன் ஃபோன்ல புடி. அதுக்கு மொதல்ல அங்க போய்ச் சேரு."

ஜீப்பில் மூன்று பயம்

அந்த ஊருக்கு பஸ் கிடையாது, ஜீப்தான். சாமான் மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் இடையில் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஒன்றுமில்லை. எனக்குப் பள்ளத்தைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கும். மேலாளர் குற்றம் என்று சொன்னதைச் செய்யத்தான் போகிறேன், அது இரண்டாவது பயம். மூன்றாவதைப் பற்றி நினைக்கவே கூடாது என்று இருந்தேன். நினைக்கக் கூடாது என்று இருந்ததால் அதையேதான் நினைத்தேன்: யாராவது அந்த ஃபோனை சிக்னல் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், ஆப் எதையாவது கேட்டு, அவர்கள் அமுக்கிவிட்டால்?

ஜீப் ஓட்டிய சடையன், வெள்ளையனோடு சேர்ந்து வண்டி ஓட்டியவர். யார் வீட்டுக்கு என்று கேட்டார், சொன்னேன். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணி வூட்லதான் இருக்கும். ஃபோனுதான் இல்ல. மச்சினன் கோவிந்தன் காலையிலயே வாங்கிக்கினு சிக்னல் பாறைக்குப் போய்க்கினு இருந்தான், கேரளா மேஸ்திரி பேசறாராம்."

சிக்னல் பாறை

ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில் நின்றால்தான் ஃபோன் பேசலாம். வெளியூருக்கு மிளகு பறிக்க, காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் கேட்பவர்கள் பேசுவதெல்லாம் அங்கேதான். நான் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது பெருமைக்கு, கையும் காலுமாகத் தவழ்ந்தேன். செருப்பு ஓரிடத்தில் போனது, எடுக்கத் திரும்பினால் கீழே பார்க்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். உச்சியில் கோவிந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைவிட இளையவன், கல்யாணமாகிக் கைக்குழந்தை உள்ளவன். கையில் அந்த ஃபோன்.

ஆப்பைத் திறந்தியா என்று கேட்டேன். பாதி மூச்சுத்தான் வந்தது. அவன் விழித்தான். "அது எங்க ணா தெறக்கிறது? நெட்டு போட்டே ரொம்ப நாளாவுது. இன்கமிங் மட்டுந்தான் வருது" என்றான். நான் பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. நெட் தீர்ந்துபோனதற்காக ஒரு வாடிக்கையாளரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது அந்த வேலையில் எனக்கு அன்று ஒருநாள்தான். அவனும் ஒன்றும் புரியாமல் என்னோடு சேர்ந்து சிரித்தான்.

அப்போது அவன் கையில் ஃபோன் அதிர்ந்தது. மேஸ்திரி இல்லை. நானும் அவனும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். படக்கூடையின் சின்னம். 'பழைய பதிவுகளை நீக்கிவிட்டுப் புதுப்பிக்கலாமா?' கீழே இரண்டு பொத்தான். நெட் இல்லாத ஃபோனுக்கு இது எப்படி வந்தது என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு என் சட்டைப்பை சூடாக இருப்பது தெரிந்தது. காலையில் சந்தையில் பழக்கத்தில் போட்டுவிட்டு அணைக்க மறந்த ஹாட்ஸ்பாட். சிக்னல் உள்ள பாறையின் உச்சிக்கு அதை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். ஃபோன் என் வைஃபையைப் பார்த்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளையனை அழிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த மலையில் நான்தான், நான் அவரைக் காப்பாற்ற வந்து நிற்கிறேன்.

கோவிந்தன் ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான், சந்தையில் எல்லோரும் நீட்டுவது மாதிரியே. என் கட்டைவிரல் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே 'சரி'யை நோக்கிப் போனது. எத்தனையோ சந்தை நாட்களில் அமுக்கி அமுக்கிப் பழகிய விரல். கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது இழுத்துக்கொண்டேன். இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டேன், கோவிந்தன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். என் ஃபோனை அணைத்தேன். அவன் ஃபோனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டேன். மேஸ்திரி பேசினால் என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ணா இப்பிடி நடுங்குறீங்க? எப்பவும் நீங்கதான அமுக்குவீங்க. அதான் நான் தொடல."

எங்க வூட்டு ஆளு

சின்னப்பொண்ணு அக்கா காலில் பச்சிலைக் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். கால் செருப்பு ஒன்றில்லாமல் வந்து நின்ற என்னைப் பார்த்ததும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எழப் பார்த்தார். உட்காரவைத்தேன். கம்பெனி மூடிவிட்டது என்றேன். அதற்கு அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அதனால் அண்ணன் இருக்கும் படமும் போய்விடும், இணையம் பட்டாலே போய்விடும் என்றேன். அப்போது முகம் மாறியது. அழுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டார். இத்தனை நாளில் அந்த ஆப்பைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் அந்த ஒன்றுக்குத்தான் பயிற்சி வகுப்பிலும் பதில் சொல்லித்தரவில்லை, இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

"கம்பெனி அவங்களுது, மூடிக்கட்டும். இவரு எங்க வூட்டு ஆளு. இவர ஏன் தூக்கிக்கினு போறாங்க?"

சேவல்

ஆப்பைத் திறந்தேன். நடுவில் வட்டம் சுற்றியது. பாறையில் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே ஏதாவது அழிந்திருந்தால் எனக்குத் தெரியாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோவிந்தன் கதவருகே நின்றான். அக்கா என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில்தான் பதில் வரும் என்பது மாதிரி. என் முகத்தில் இருந்த பயம் அவருக்கும் ஏறியது, மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு வட்டம் நின்று மலைச்சாலை வந்தது, ஜீப் வந்தது, அதற்குள் வெள்ளையன் உட்கார்ந்திருந்தார்.

ஃபோனைச் சுவரோரம் அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தி, காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டேன். எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து என் ஃபோனில் எடுத்தேன். கை நடுங்கியது, இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளையன் ஜீப்பை நிறுத்தினார். சரியாக அப்போது வெளியே ஒரு சேவல் கூவியது, வேளைகெட்ட வேளையில். "ஏறும்மா, எடம் இருக்குது. கம்பிய நல்லாப் புடிச்சுக்கினு உக்காரு" என்றார் வெள்ளையன். எனக்குப் பின்னாலிருந்து அக்கா, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது மாதிரி, "புடிச்சுக்கினுதான் மாமா உக்காந்திருக்கேன்" என்றார். "கொஞ்ச தூரந்தான்" என்றார் வெள்ளையன். ஜீப் கிளம்பிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். படம் ஆடியது. சேவல் நன்றாகக் கேட்டது, அக்காவின் குரலும் கேட்டது. நடுவில் சத்தம் வந்துவிட்டது, இன்னொருமுறை எடுத்துவிடலாம், இந்தத் தடவை யாரும் பேசாமல் இருங்கள் என்றேன். அக்கா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். இதுவரை எதையுமே தானாக அமுக்காதவர், திரும்ப ஓடவிடும் முக்கோணத்தைத் தானே தேடி அமுக்கினார். முழுக்கப் பார்த்தார்.

"இதுவே இருக்கட்டும் தம்பி. அதுல அவரு யாரோ ஒரு பொண்ண ஏத்திக்கினு போறாரு. இதுல நான் ஏறிட்டேன்."

ஊர் ஊராகக் குடை விரித்து நான் விற்ற படக்கூடையில் இன்று மிச்சமிருப்பது, நடுங்கும் கையில் எடுத்து அக்கா ஃபோனில் ப்ளூடூத்தில் ஏற்றிக்கொடுத்த, நடுவே சேவல் கூவும் அந்த ஒரே காட்சிதான். அதற்குச் சந்தாதாரர் ஒருவர், வாடிக்கையாளர் சேவைக்கு இன்னமும் நான்.